மோரிஸ் மைனர் முன் சஸ்பென்ஷன்: எதை மாத்துறது, எதைத் தேய்ச்சு வெச்சுக்கிறது?

சிப்புட்_மைனர்:

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். எங்க தாத்தாவோட காடி (கார்), 1960 மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி. தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசர், புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டுப் போடுறவர். ராத்திரி லயத்துல (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) யாருக்காவது பிரசவ வலின்னா இந்தக் காடியிலதான் டவுனுக்குக் கொண்டு போவாராம். எங்க அம்மா வயசுக்காரங்க பல பேரு இப்பவும் இதைப் பார்த்தா கிட்ட வந்து ஒரு தடவை தொட்டுட்டுதான் போவாங்க.

போன மாசம் கோயில் சந்துல ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஸ்டேரிங்கை முழுசா ஒடிச்சிருந்தேன். டொக்குனு ஒரு சத்தம். முன்பக்க இடது சக்கரம் மட்காட்டுக்குள்ள மடிஞ்சு படுத்துடுச்சு. நடந்து போற வேகம்தான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதே நெடுஞ்சாலையில நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் தூக்கம் வரல.

கழட்டிப் பார்த்தா கீழ் டிரனியனோட (சக்கரத்தைத் தாங்குற கீழ்த் திருகு மூட்டு) மரை மொத்தமா மழுங்கிப் போயிருக்கு. ஆறு வருஷத்துக்கு முந்தி சாயம் அடிச்ச ஒரு பட்டறையில, அடிப்பக்கம் முழுக்க கருப்புப் பெயிண்டை ஊதி விட்டிருக்காங்க. கிரீஸ் நிப்பிளோட சின்ன ஓட்டையும் அதுல அடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நான் கிரீஸ் கன் வெச்சு அழுத்தினதெல்லாம் பக்கத்துல வழிஞ்சிருக்கு. உள்ள போகுதுன்னு நான் நம்பிக்கிட்டே இருந்திருக்கேன்.

இப்ப ரெண்டு பக்கமும் கழட்டி வாசல் அஞ்சடியில பரப்பி வெச்சிருக்கேன். இங்கிலாந்துல இருந்து எல்லாத்தையும் புதுசா வரவழைக்கலாமா, இல்ல தாத்தா காலத்து இரும்பையே சுத்தம் பண்ணிப் போடலாமா? முடிஞ்ச வரைக்கும் பழசு போகக்கூடாதுன்னுதான் எனக்கு ஆசை. பெயிண்ட்டுக்குப் பதிலா பொடியைச் சுட்டு ஒட்டுற பவுடர் கோட் நல்லதா? ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலா பாலியூரிதேன்ல செஞ்ச பாலி புஷ் போடலாமா? துரு எடுக்க, ரப்பர் ஸ்டோர்ல மிச்சம் கிடக்குற ஃபார்மிக் ஆசிட்ல ஊற வைன்னு மாமா சொல்றாரு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு இதுலதான் போகணும்னு அம்மா இப்பவே சொல்லிட்டாங்க.

—

ஈப்போ_போமன்:

தம்பி, முதல்ல மாமாவை அந்த ஆசிட் பக்கம் போக விடாதே. அதைப் பத்தித் தெரிஞ்சவங்க பின்னால வருவாங்க, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன். நாப்பது வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். மைனர் மட்டும் எத்தனை இறக்கியிருப்பேன்னு கணக்கு இல்ல.

உன் காடியில எது எந்தப் பாரத்தைச் சுமக்குதுன்னு புரிஞ்சாத்தான் எதை மாத்துறதுன்னு முடிவு பண்ண முடியும். முன்னால காயில் ஸ்பிரிங் கிடையாது. நீளமா ஒரு இரும்புக் கம்பி தரையோட தரையா பின்னால ஓடுது பாரு, அதுதான் ஸ்பிரிங். டோர்ஷன் பார். கீழ்க் கை மேல எழும்பும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கும், பிறகு விட்டுக் கொடுக்கும். மேல் கை தனியா கிடையாது. குலுக்கலை அடக்குற லீவர் அப்சார்பரோட கைதான் மேல் கை. இது ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது ஸ்விவல் பின். அதோட ரெண்டு முனையிலயும் மரை வெட்டியிருக்கும், அந்த மரை டிரனியனுக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். நீ ஸ்டேரிங் ஒடிக்கும்போது அந்த மரைதான் சுத்துது. அந்தப் பக்கத்துப் பாரம் முழுக்க கீழ் டிரனியன் வழியாத்தான் கம்பிக்குப் போகுது. அங்க கிரீஸ் இல்லன்னா இரும்பை இரும்பு தின்னும். ஒருநாள் மரை பிடி விட்டுடும். அது நிறைய நேரம் மெதுவா போகும்போது, முழுசா ஒடிக்கும்போதுதான் நடக்கும். உனக்கு நடந்ததும் அதுதான்.

அதனால ஸ்விவல் பின்னும் டிரனியனும் ரெண்டு பக்கமும் புதுசு. இதுல பாசம் பார்க்காதே. வலது பக்கம் இன்னும் உடையலைன்னு விட்டு வைக்காதே, அதே பெயிண்ட் அதே நாள்ல அந்த நிப்பிள் மேலயும் பட்டிருக்கும். வாங்கும்போது இடம் வலம் பார்த்துக் கேளு, ரெண்டும் ஒண்ணு இல்ல. கைக்கு வந்த உடனே மாட்டாதே. பின்னை டிரனியனுக்குள்ள கையாலேயே திருகிப் பாரு. வழுக்கிக்கிட்டு முழுசா போகணும், ஆனா ஆட்டினா தளதளன்னு ஆடக்கூடாது. புதுப் பெட்டியில வந்த சாமானே ஆடியதை நான் பார்த்திருக்கேன். அந்த மாதிரி வந்தா திருப்பி அனுப்பு.

கீழ்க் கை, அது முன்னும் பின்னும் நகராம பிடிக்கிற டை ராட், அந்த ராடைப் பிடிக்கிற ஃபோர்க், இதெல்லாம் நல்ல இரும்பு. வளையாம, வெடிக்காம இருந்தா உன் தாத்தாவோடதையே போடு. வெடிப்பு பார்க்க மிஷின் வேணாம். கிரீஸ் எல்லாம் கழுவி, மண்ணெண்ணெய்யில ஒரு ராத்திரி போடு. எடுத்து நல்லா துடைச்சுக் காய விட்டு, சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லிசா தூவு. வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் சுண்ணாம்புல கோடு மாதிரி ஊறி வெளியே வரும். போல்ட் ஓட்டையைச் சுத்தியும், கை திரும்புற மூலையிலயும் நல்லா பாரு.

—

கிள்ளான்_கிளாசிக்:

அண்ணன் சொன்னதுல டிரனியன் விஷயம் சரி. மத்ததுல எனக்கு வேற அபிப்பிராயம். என்கிட்ட 1967 மைனர் ரெண்டு கதவு இருக்கு. எல்லா அடிச் சாமானையும் சேண்ட் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட் கொடுத்தேன், மூணு வருஷம் ஆச்சு, பைப்புத் தண்ணி அடிச்சா புதுசு மாதிரி இருக்கு. புஷ் எல்லாம் பாலி. ஸ்டேரிங் முன்ன மாதிரி மிதக்காம சொன்ன பேச்சு கேக்குது. நம்ம ஊரு சூட்டுல ரப்பர் எவ்வளவு நாள் தாங்கும்?

—

ரப்பர்_ஸ்டோர்:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லணும். முப்பத்தோரு வருஷம் ரப்பர் ஆலையில இருந்தவன், அதுல பாதி வருஷம் பால் உறைய வைக்கிற கொட்டகையில.

தம்பி சிப்புட், ஃபார்மிக் ஆசிட் பாலை உறைய வைக்கிறதுக்கு. தண்ணியில நல்லா கலந்துதான் நாங்க தொட்டிக்குள்ள ஊத்துவோம். கலக்காததை ஒரு சொட்டு கையில விட்டுக்கிட்டா கொப்புளம் வந்துடும், அதோட ஆவி கண்ணைத் திறக்க விடாது. ஸ்டோர்ல எத்தனையோ வருஷமா கிடக்குற ஜாடியை மூடி திறக்காதே. திறந்து கொட்டலாம்னும் நினைக்காதே. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லி ஒப்படைச்சுடு.

கிள்ளான் தம்பி, ரப்பர் சூட்டுல கெட்டுப் போறது உண்மை. ஆனா நம்ம காடியில புஷ்ஷைக் கொல்றது பெரும்பாலும் எண்ணெய். இயற்கை ரப்பர் மேல இஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டா அது குடிச்சு ஊதிக்கும், பிறகு ஊற வெச்ச அவல் மாதிரி பிய்யும். மைனர் இஞ்சின் எண்ணெய் ஒழுகுறது எல்லாருக்கும் தெரியும். ஒழுகலை நிறுத்தாம புஷ் மாத்தினா மறுபடி அதே கதைதான். மாட்டும்போதும் புஷ்ஷுல கிரீஸ் தடவிடாதீங்க. சவர்க்காரத் தண்ணி போதும், இல்லன்னா பிரேக் சாமானுக்கு விக்கிற சிவப்பு ரப்பர் கிரீஸ்.

ரப்பருக்குன்னு ஒரு குணம் இருக்கு. இழுத்தா உள்ள இருக்குற சங்கிலி மாதிரி மூலக்கூறுகள் வரிசையா படிஞ்சு கெட்டியாகும், அந்த இடத்துல வெடிப்பு முன்னேறாது. லட்சக்கணக்கான தடவை முறுக்கினாலும் தாங்குறதுக்கு அதுதான் காரணம். மைனர்ல கீழ்க் கையைச் சேசிஸோட இணைக்கிற ஐபோல்ட் புஷ் இருக்கு பாருங்க, அது சுழல்றது கிடையாது. ரப்பர் தானே முறுக்கிக்கிட்டு கையை ஆட விடுது. அந்த வேலைக்கு ரப்பரை மிஞ்சினது இல்ல. புஷ்ஷுக்கு சாதாரணமா 60லிருந்து 70 ஷோர் ஏ கடினம் இருக்கும். பாலி அதைவிடக் கெட்டி. செம்மண் ரோட்டுல கல்லடி முழுக்க சேசிஸுக்கும் பல்லுக்கும் வந்து சேரும்.

இன்னொண்ணு. பழைய ஸ்டாக், பிரிக்காத பெட்டின்னு சொல்லி விப்பாங்க. இரும்பா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. ரப்பரா இருந்தா வாங்காதீங்க. பெட்டிக்குள்ள இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். மடிச்சுப் பாருங்க, மேல சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்தா அது முடிஞ்சு போன சாமான்.

—

பட்டர்வொர்த்_முலாம்:

ஆசிட் பற்றி ஐயா சொன்னதோடு ஒரு காரணத்தைச் சேர்க்கிறேன். முலாம் பூசும் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

துருப்பிடித்த இரும்பை அமிலத்தில் போட்டால் குமிழி வரும். அது ஹைட்ரஜன். அதில் ஒரு பகுதி குமிழியாக வெளியேறாமல் அணு அணுவாக இரும்புக்குள் புகுந்துவிடும். சாதாரண மென் இரும்புக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. கடினப்படுத்திய எஃகு அப்படியல்ல. பாரம் ஏறிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ முன்னறிவிப்பு இல்லாமல் கண்ணாடி மாதிரி உடையும். டோர்ஷன் பார், லீஃப் ஸ்பிரிங், உயர்தர போல்ட், இந்த மூன்றையும் அமிலத்தில் ஊறவைக்கவே கூடாது. பேட்டரி சார்ஜரும் வாஷிங் சோடாவும் வைத்துத் துரு எடுக்கும் முறையிலும் சாமான் மேல் ஹைட்ரஜன் உண்டாகிறது, அதனால் அதுவும் இவற்றுக்கு வேண்டாம். கீழ்க் கை, பிராக்கெட் போன்றவற்றுக்கு அந்தச் சோடா முறை அருமையானது. எதிர்முனையில் பழைய இரும்புத் தகடு வையுங்கள். ஸ்டெயின்லெஸ் தகடு வைத்தால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

போல்ட்டுக்கு நாகமுலாம் பூசக் கொடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. போல்ட்டின் வலிமைத் தரம் 8.8 வரை பிரச்சினை இல்லை. 10.9ஓ அதற்கு மேலோ என்றால், முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட வேண்டும். பட்டறையில் இதைக் கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் அங்கே கொடுக்காதீர்கள். சஸ்பென்ஷன் போல்ட்டைப் பழசுக்கு மெருகு போடுவதைவிடப் புதிதாக வாங்குவதே என் தேர்வு.

—

ஈப்போ_போமன்:

அந்த அக்கா சொன்னதைத் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டு தம்பி.

போல்ட் பேச்சு வந்ததால சொல்றேன். உன் 1960 வண்டியில யூஎன்எஃப் மரை, இஞ்சுக் கணக்கு. டவுன் ஹார்டுவேர் கடையில கிடைக்கிறது மில்லிமீட்டர். அஞ்சுக்குப் பதினாறு இஞ்ச் யூஎன்எஃப் 7.94 மில்லி வரும், எட்டு மில்லி போல்ட்டு கண்ணுக்கு அதே மாதிரி தெரியும். ரெண்டு சுத்து கூட ஏறும். அப்புறம் ஸ்பானர் போட்டு இழுத்தா மரை செத்துடும். இங்கிலாந்துக்கு ஆர்டர் போடும்போதே போல்ட், நட்டு, நட்டு கழலாம மடிச்சு விடுற லாக் தகடு எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடு. அனுப்புக் கூலி ஒரே தடவைதான்.

பவுடர் கோட் பத்தி: கிள்ளான் தம்பி வீட்டு ரோடு தார் ரோடு. சிப்புட்ல இருந்து உள்தோட்டத்துக்குப் போற ரோட்டுல செம்பனைக் குலை லாரி போற வேகத்துக்குக் கல்லு துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். பவுடர் கோட் தோல் மாதிரி தடிப்பா உட்காரும். கல்லு பட்டு ஒரு இடம் பிளந்தா தண்ணி உள்ள போய், தோல் மேல பளபளன்னு இருக்கும்போதே அடியில துரு ஓடும். பெயிண்ட்டுன்னா துரு தெரியும், தேய்ச்சு ஒரு கோட் கொடுத்துட்டுப் போயிடலாம். ரெண்டாவது, கைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல, வாஷர் உட்கார்ற இடத்துல பவுடர் இருந்தா, நாள்பட அது நசுங்கும், போல்ட் தளர்ந்துடும். கொடுக்கத்தான் போறன்னா அந்த இடமெல்லாம் டேப் போட்டு மூடச் சொல்லணும். நான் இன்னிக்கும் துரு தடுக்குற பிரைமர் ரெண்டு கோட், மேல கருப்பு எனாமல், பிரஷ்ஷாலதான்.

—

செரம்பான்_ஹெரால்டு:

குறுக்க ஒரு சந்தேகம். என் டிரையம்ப் ஹெரால்டுக்கும் டிரனியன்தான். அதுக்குக் கிரீஸ் போடாதே, ஈபி 90 கியர் ஆயில் போடுன்னுதான் கம்பெனி புத்தகமே சொல்லுது. மைனருக்கும் ஆயில் போடலாம் இல்லையா?

—

ஈப்போ_போமன்:

உங்க ஹெரால்டுக்கு நீங்க சொல்றது சரி, கிரீஸ் போட்டவங்க எல்லாம் சக்கரத்தைப் பறிகொடுத்தாங்க. அது வேற வடிவம், கீழ ஒரு பித்தளைக் கட்டி, அதுக்குள்ள எண்ணெய் தேங்கி நிக்கும். மைனருக்குக் கம்பெனி சொன்னது கிரீஸ். அந்தக் காலப் புத்தகத்துல ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, அதாவது 1600 கிலோமீட்டர். மழைக்காலத்துல ஓட்டினா நான் அதுக்கும் முன்னாலேயே அடிப்பேன். அடிக்கும்போது சக்கரம் தரையில இருக்கக்கூடாது, ஜாக்கி போட்டுப் பாரத்தை எடுத்தாத்தான் மரை முழுக்கக் கிரீஸ் சுத்தி வரும். பழசு வெளியே தள்ளிக்கிட்டு புதுசு எட்டிப் பார்க்குற வரைக்கும் அழுத்தணும். எட்டிப் பார்க்கலைன்னா உள்ள போகலைன்னு அர்த்தம்.

ஆட்டம் பார்க்குறதுக்கும் ஜாக்கியைச் சேசிஸ்ல போடாதீங்க. கீழ்க் கைக்கு அடியில போடுங்க. சேசிஸ்ல போட்டா கம்பியோட முறுக்கு கையைக் கீழ அழுத்திக்கிட்டே இருக்கும், தேய்ஞ்ச மரையும் இறுக்கமா இருக்குற மாதிரி ஏமாத்தும்.

—

சிப்புட்_மைனர்:

எல்லாருக்கும் நன்றி. ஆசிட் ஜாடியை ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு, மாமா கொஞ்சம் முறுக்கிக்கிட்டாரு, அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினதும் சரின்னுட்டாரு. ரெண்டு கீழ்க் கையோட நாலு பாதியையும் (ஒவ்வொரு கையும் ரெண்டு பாதி) சார்ஜர் வெச்சு சோடாத் தண்ணியில ஒரு நாள் போட்டேன். கருப்பா சேறு மாதிரி வந்துச்சு, பிரஷ் போட்டுக் கழுவினா அடியில இரும்பு சாம்பல் நிறத்துல அவ்வளவு சுத்தம். சுண்ணாம்புப் பரீட்சையில மூணு பாதி பாஸ். ஒண்ணுல போல்ட் ஓட்டையில இருந்து அரை இஞ்சுக்கு ஒரு கோடு ஊறி வந்துச்சு. துடைச்சு மறுபடி தூவினேன், அதே இடத்துல மறுபடி வந்துச்சு. அது போச்சு.

இப்ப பெரிய கவலை வலது டோர்ஷன் பார். கருப்புப் பெயிண்ட்டை பிரஷ்ஷால எடுத்தப்போ பின் முனைக்கு ஒரு சாண் முன்னால நாலு பல் பதிஞ்ச மாதிரி தழும்பு. எப்பவோ யாரோ பைப் ரெஞ்ச் போட்டுத் திருகியிருக்காங்க. நகம் மாட்டுது. மெல்லிசா தேய்ச்சு சமன் பண்ணிட்டு மாட்டலாமா? இந்தக் கம்பி மேலதான் எங்க ஊரே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குன்னு நினைக்கும்போது தூக்கிப் போட மனசு வரல.

—

பட்டர்வொர்த்_முலாம்:

தம்பி, மாட்ட வேண்டாம். ஒரு கம்பியை முறுக்கும்போது நடுவில் இருக்கும் இரும்புக்கு அழுத்தமே கிடையாது. வெளித்தோலுக்குத்தான் அத்தனை பாரமும். அந்தத் தோலில் ஒரு வெட்டு இருந்தால் அழுத்தம் அதன் அடிமுனையில் வந்து குவியும். ஒவ்வொரு குழியிலும் மேட்டிலும் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். சமன் பண்ணினாலும் அடியில் ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருக்கலாம். தேய்த்தால் அதன் வாய் மூடிக்கொண்டு சுண்ணாம்புக்கும் தெரியாமல் போகும். ஆழமான துருக்குழி இருந்தாலும் இதே பதில்தான்.

நல்ல நிலையில் உள்ள இடது பாரைச் சுத்தம் செய்யும்போது நைஸ் எமரித் தாளை நீளவாக்கில் மட்டும் இழுங்கள். குறுக்கே சுற்றித் தேய்க்காதீர்கள். சேண்ட் பிளாஸ்ட்டும் வேண்டாம், கூர்மணல் தோலைக் கீறிவிடும். ஸ்பிரிங்குக்கு உருண்டைக் குண்டு வீசும் ஷாட் பீனிங் என்று ஒரு முறை உண்டு, அது தோலை அமுக்கி உறுதியாக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பட்டறைகளில் குழப்பிக்கொள்கிறார்கள்.

—

ஈப்போ_போமன்:

உன் தாத்தா டிரசர் தம்பி. புண்ணு மேல பவுடரைத் தூவி, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புறவரா அவரு? அந்தப் பாரை எண்ணெய் தடவி, சுவத்துல மாட்டி வை. காடியில போடாதே.

வேற பார் தேடும்போது வலது பக்கத்துக்கு வலது பார்தான். தயாரிக்கும்போதே ஒரு திசையில முறுக்கிப் பழக்கி விட்ட இரும்பு அது. இடத்தை வலத்துல போட்டா எதிர்த் திசையில முறுக்கும், கொஞ்ச நாள்ல தொய்ஞ்சுடும், இல்லன்னா உடையும். எடுத்ததும் நூல்ல சீட்டு கட்டி வலதுன்னு எழுதிடு. அடையாளம் வைக்கணும்னா பெயிண்ட் புள்ளி வை, சென்டர் பஞ்ச் தொடாதே.

—

கிள்ளான்_கிளாசிக்:

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கோலகங்சார்ல கொட்டகையில ஒரு மைனர் தரை தளமெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. பாடி ஒண்ணுத்துக்கும் ஆகாது, ஆனா அடிச் சாமான் எண்ணெய்ப் பிசுக்குல ஊறி நல்லா இருக்குன்னு சொன்னாரு. வலது பாரும் கீழ்க் கையும் கேட்டு வைக்கிறேன். சிப்புட்டுக்குப் பக்கம்தானே. கழட்டும்போது மறக்காம கைக்கு அடியில ஜாக்கி போட்டு, மேல் இணைப்பை விடுவிச்சு, மெதுவா இறக்குங்க. முறுக்கு இருக்கும்போதே போல்ட்டை எடுத்தா அந்தக் கை கீழ அறையும், விரல் போயிடும்.

ரப்பர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நேத்து என் காடியில ஐபோல்ட் பாலி புஷ்ஷைக் கழட்டிப் பார்த்தேன். புஷ் அப்படியே இருக்கு, ஆனா ஐபோல்ட் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கு, கிரீஸ் காய்ஞ்சு மணல் ஏறியிருக்கு. அந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் ரப்பருக்குத் திரும்பறேன். டை ராட் புஷ் பாலியாவே இருக்கும், அதுல எனக்கு இன்னும் உங்க கருத்து ஒத்து வரல.

—

ரப்பர்_ஸ்டோர்:

அதுல தப்பே இல்ல தம்பி. கிடைக்கிற ரப்பர்லயும் தரம் கெட்டது நிறைய இருக்கு, பிளாஸ்டிக் மாதிரி கட்டியா, நகம் அழுத்தினா குழி விழாம. அதுக்கு நல்ல பாலி மேல்.

—

சிப்புட்_மைனர்:

அப்சார்பர் பத்தியும் கேட்டுடறேன். நாலுல முன் இடது மட்டும் ஒழுகுது. டெலஸ்கோப் அப்சார்பருக்கு மாத்திடுன்னு ஒரு கடையில சொல்றாங்க. பின்னால லீஃப் ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் உக்கார்ந்திருக்கு.

—

ஈப்போ_போமன்:

முன்னால டெலஸ்கோப் போட்டாலும் பழைய லீவரைக் கழட்ட முடியாது, அதுதான் மேல் கைன்னு முன்னாலேயே சொன்னேன். அப்ப தேய்ஞ்ச லீவரோட ஆட்டம் அப்படியே இருக்கும். உள் தண்டும் சீலும் புதுசாக்கின மாத்துச் சாமான் வரவழை. வந்ததும் கையைப் பிடிச்சு மேலயும் கீழயும் முழுசா பல தடவை அசைச்சு, நடுவுல எங்கயாவது சட்டுனு இலேசாகுதான்னு பாரு. ஆச்சுன்னா உள்ள காத்து, எண்ணெய் ஊத்தி மறுபடி அசை. அப்சார்பர் எண்ணெய்தான் ஊத்தணும், இஞ்சின் ஆயிலோ பிரேக் ஆயிலோ ஊத்தாதே. மூடியைத் திறக்குறதுக்கு முன்னால சுத்தி இருக்குற செம்மண்ணைத் துடை.

லீஃப் ஸ்பிரிங்கை லாரி ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டு போ. பட்டை பட்டையா பிரிச்சு, பச்சை இரும்பா தட்டி வளைவு ஏத்தச் சொல்லு. கேஸ் நெருப்பு காட்ட விடாதே, அந்த இடத்துல எஃகு செத்துடும். ரெண்டு பக்கமும் சேர்த்தே கொடு. யூ போல்ட் நாலும் புதுசு.

—

சிப்புட்_மைனர்:

மூணு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். வேலை, பிறகு அம்மாவுக்கு முட்டி ஆப்பரேஷன்.

கோலகங்சார் வண்டியில வலது பார், ஒரு கை, நல்ல ஐபோல்ட் ரெண்டு கிடைச்சுது. அந்தப் பெரியவர் காசு வாங்க மாட்டேன்னாரு. காடி ஓடினதும் கொண்டு வந்து ஒரு தடவை காட்டணும்னு மட்டும் கேட்டாரு. இங்கிலாந்துல இருந்து வந்த டிரனியன் ரெண்டு செட்டுல ஒண்ணு ஆடுச்சு, திருப்பி அனுப்பி வேற வாங்கினேன். அண்ணன் சொல்லலைன்னா அதையே மாட்டியிருப்பேன்.

நேத்து தரையில இறக்கினேன். இடது மட்காட் விளிம்புக்கும் வலதுக்கும் 14 மில்லி வித்தியாசம், வலது தாழ்வு. ஐபோல்ட் நட்டு இன்னும் முழுசா இறுக்கல.

—

ஈப்போ_போமன்:

இறுக்காததுதான் சரி. பார் வேற வண்டியோடது, அதனால வித்தியாசம் வரத்தான் செய்யும். முதல்ல சமதரையா பாரு, அஞ்சடி வாட்டமா இருக்கும். டயர் காத்து ரெண்டு பக்கமும் ஒண்ணா வை. அப்புறம் டோர்ஷன் பாரோட பின் முனையில இருக்குற லீவர்ல உயரத்தைச் சரி பண்ணு. காடி நாலு காலுல, தன் பாரத்துல நிக்கும்போதுதான் ஐபோல்ட் நட்டையும் டை ராட் நட்டையும் முழுசா இறுக்கணும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினா இறக்கின நிமிஷமே ரப்பர் முறுக்கிக்கும், ஒரு வருஷம் தாங்காது. 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி அள. வீல் அலைன்மெண்ட் அதுக்கப்புறம்.

—

சிப்புட்_மைனர்:

சமதரைக்குத் தள்ளிப் பார்த்தா 14 இல்ல, 9 மில்லிதான். லீவரை நகர்த்தி 2க்குக் கொண்டு வந்தேன். 200 கிலோமீட்டர் கழிச்சு 3. அதோட விட்டுட்டேன்.

தைப்பூசத்தன்னிக்கு விடியல் நாலு மணிக்கு அம்மா முன் சீட்டுல, பின்னால லயத்துல இருந்த பாட்டி ஒருத்தவங்க, மடியில பால் குடம். அவங்க மூத்த பிள்ளை இந்தக் காடியில போய்ப் பொறந்ததுதான். ஈப்போ வரைக்கும் எண்பதுக்கு மேல போகல. குழியில இறங்கினா முன்ன வர்ற அந்த டக் டக் சத்தம் இல்ல. திரும்பி வரும்போது கோலகங்சாருக்கும் போய் அந்தப் பெரியவரை ஒரு சுத்து கூட்டிக்கிட்டுப் போனேன்.

நேத்து கைக்கு அடியில ஜாக்கி போட்டு, நிப்பிளைத் துடைச்சு, கிரீஸ் அடிச்சேன். நாலு டிரனியன்லயும் பழசைத் தள்ளிக்கிட்டு புதுசு எட்டிப் பார்த்துச்சு.